முதுகுவலிக்காரருக்கு முதல் நாளில் 40 நிமிடம் ஒதுக்குங்கள்

பிசியோதெரபி துறைத் தலைவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். கீழ்முதுகு வலிக்கு வருபவரின் சீட்டில் ‘ஐ.எஃப்.டி., ட்ராக்‌ஷன், பத்து நாள்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. முதலாவது மின்னோட்டம் பாய்ச்சும் சிகிச்சை, அடுத்தது முதுகை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை. இவற்றோடு பெல்ட், அல்ட்ராசவுண்ட் (ஒலியலைச் சிகிச்சை), டென்ஸ் (தோல்வழியே நரம்பைத் தூண்டும் மின்சிகிச்சை) எதுவும் வேண்டாம் என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் ட்ராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், பெல்ட் நான்கையும் தவிர்க்கச் சொல்கிறது.

பிசியோதெரபிஸ்டுகளுக்கு இது தெரியும். ஆனால் மெஷினை மாட்டிவிட்டால் ஒரே நேரத்தில் நான்கு பேரைக் கவனிக்கலாம். கேட்டு, சோதித்து, விளக்கினால் ஒருவரைத்தான் பார்க்க முடியும். உங்கள் நேர அட்டவணை மெஷினுக்கு ஏற்றபடி இருக்கிறது. அதை மாற்றாமல் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தியும் பயனில்லை.

முதல் நாளில் ஒதுக்கச் சொல்லும் அந்த 40 நிமிடத்தில் முதலில் ஆபத்து அறிகுறிகளைக் கேட்க வேண்டும். பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் அடக்க முடியாமை, இரண்டு கால்களிலும் பலவீனம் ஆகியவற்றில் எது புதிதாக வந்திருந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் இருக்கும்போது யாரும் இதற்கு வாய்திறந்து பதில் சொல்ல மாட்டார்கள். கதவுள்ள ஓர் அறை கொடுங்கள். முன்பு புற்றுநோய் வந்தவர், காய்ச்சலோடு வலி உள்ளவர், கீழே விழுந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோரை மருத்துவர் பார்த்த பிறகே பயிற்சி. கால்வலியும் இருந்தால் குதிகாலால் நடப்பது, நுனிக்காலால் நடப்பது, தொடு உணர்வு, ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் தானாக வரும் அசைவு) நான்கையும் சோதிக்க வேண்டும்.

அடுத்தது, முதுகுவலி நீடிக்கும் அபாயத்தைக் கணிக்கும் ஸ்டார்ட் பேக் படிவம், ஒன்பதே கேள்விகள். மொத்த மதிப்பெண் 3 அல்லது அதற்குக் கீழே என்றால் விளக்கமும் சுயபராமரிப்பும் பெரும்பாலும் போதும். கடைசி ஐந்து கேள்விகளில் மட்டும் 4 அல்லது 5 வந்தால் வலியைவிட பயமும் மனச்சோர்வும் அவரை அதிகம் முடக்குகின்றன; அவருக்கு நேரமும் பேச்சும் கூடுதலாக வேண்டும். படிவத்தை நிரப்பி ஃபைலில் போட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே பயிற்சித்தாளை நீட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி ‘டிஸ்க் தேஞ்சிருச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வருடக்கணக்கில் குனியவே பயப்படுவார். வலியே இல்லாத 50 வயதினரில் சுமார் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருப்பதாக 2015-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இந்த எண்களை அவரிடம் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் இதுதான் சிறந்தது என்று ஒன்று கிடையாது. அவர் விட்டுவிட்ட வேலைக்கு நெருக்கமான இரண்டு மூன்று போதும். வலி கூடிய நாளிலும் செய்ய முடிகிற அளவில் தொடங்கி, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டலாம். பலர் வலி குறைந்த நாளில் இரண்டு மடங்கு செய்து, மறுநாள் படுத்து, அதோடு பயிற்சியையே விட்டுவிடுவார்கள். இதை முதல் நாளே எச்சரிக்க வேண்டும். கையால் தரும் சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்துத் தரலாம், தனியாக வேண்டாம்.

சீட்டில் மெஷின் பெயர்களை அடித்துவிட்டு ‘மதிப்பிட்டுச் சிகிச்சை தரவும்’ என்று மட்டும் அச்சிடுங்கள். மாதக் கணக்கில் எத்தனை சிட்டிங் என்பதோடு, எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் சேருங்கள்.

இப்படிக்கு,
முதுகுவலிப் பிரிவுகளில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்டுகள்