நம் ஊர்த் தொடக்கப் பள்ளித் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டு பணமும் பொருளும் அனுப்பிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

பள்ளி வேலை முடிந்துவிட்டது. ஓட்டுக் கட்டடத்தின் கூரை, இரண்டு கழிப்பறைகள், வடபக்கத்துச் சுற்றுச்சுவர், வகுப்பறைத் தரை எல்லாம் மூன்றாம் பருவம் முடிவதற்குள் முடிந்தன. இந்த வேலைக்காக ஒரு நாள்கூடப் பள்ளிக்கு லீவு விடவில்லை. நன்கொடை கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் எங்களிடம் முதலில் கேட்டது, "பிள்ளைக படிப்பு கெடாதுல்லா?" என்பதுதான். அதனால் வேலைக் கணக்கோடு, அந்தப் பருவம் முழுவதும் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ரசீதுப் புத்தகத்தில் 'திருப்பணி' என்று அச்சடித்தது ஏன், அது கோயிலுக்குச் சொல்லும் சொல்லாயிற்றே என்று சிலர் கேட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அன்று ராத்திரி நம் கிழக்குத் தெரு மொத்தமும் ஓடி வந்து ஏறிய இடம் இந்தப் பள்ளிக்கூடம். ஓட்டு இடுக்கு வழியாகத் தண்ணீர் ஊற்றியது. மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் கைக்குழந்தைகளைக் கிடத்தி, அதற்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆறு பேராக விடியும்வரை மாற்றி மாற்றி நின்றோம். ஊரைத் தாங்கிய கூரைக்குச் செய்கிற வேலையை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நாமாகப் போய் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்த்துவிட முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஒன்றிய அலுவலகத்திலும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூரையை முதலில் பார்ப்போம் என்று ஆண்கள் சொன்னபோது தாய்மார்கள் ஒப்பவில்லை. கழிப்பறைச் சுவரைத்தான் முதலில் இடிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததை நம் மாவட்டத்தில் எந்தத் தாய் மறப்பாள்? நம் பள்ளிச் சுவரிலும் கைவிரல் நுழைகிற அளவுக்கு விரிசல் இருந்தது. அவர்கள் சொன்னபடியே ஜனவரியில் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அதை இடித்தோம்.

இதில் ஒரு தவறு நடந்தது. பையன்கள் பக்கத்துக் கழிப்பறைத் தரைக்கு வாட்டம் சரியாக வரவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் குழாய்ப் பக்கம் ஓடாமல் வாசல் பக்கம் வந்து தேங்கியது. தளம் போடும்போது கமிட்டியில் ஒருவராவது பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். அன்றைக்குப் பொங்கல் வேலையில் எல்லோரும் போய்விட்டோம். உடைத்து மறுபடி போட்டதில் ஆறு மூட்டை சிமெண்டும் ஒரு வாரமும் கூடுதலாகப் போயின. இதற்கு நாங்களே பொறுப்பு. அந்தச் செலவைக் கமிட்டியினர் தங்களுக்குள் பகிர்ந்து கட்டிவிட்டோம். நன்கொடைப் பணத்தில் அது சேரவில்லை.

தளத்தை உடைக்கிற நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருக்க முடியாது. தலைமையாசிரியை அம்மா அந்த நாளை வீணாக்காமல், 41 பிள்ளைகளையும் இரண்டு வேனில் ஏற்றிக் கூந்தன்குளம் கூட்டிப் போனார்கள். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்க, அந்த ஊர்க்காரர்கள் கீழே கட்டில் போட்டுப் படுத்திருந்ததைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தைக் காட்டியபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "இதுக்கு வழி யாரு சொன்னா?" என்று கேட்டான். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று கேட்டு வந்த பிள்ளைகள், நம் ஊரிலும் குளத்துப் பக்கம் வெடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர்கள் தயவுசெய்து அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் கூரை. கைமரமெல்லாம் நல்ல பனை, ஒன்றுகூட உளுக்கவில்லை. கைமரத்துக்குக் குறுக்கே ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்களை மட்டும் மாற்றினோம். ஓடுதான் சிக்கல். பழைய சீமை ஓட்டில் தேறியது 700. புது ஓடு வாங்கினால் அச்சு சேராது, ஒன்றோடொன்று கவ்வாது. ஆடிக் காற்றில் நம் பக்கம் அப்படிப்பட்ட ஓடு நிற்காது. மும்பையில் இருக்கும் நம் ஊர்க் குடும்பம் ஒன்று இதைக் கேள்விப்பட்டு, பூட்டிக் கிடந்த தங்கள் பூர்வீக வீட்டின் ஓட்டை அப்படியே இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். புரட்டிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே முத்திரை!

எத்தனை ஓடு வேண்டும் என்பதில் ஒரு சம்பவம். மொத்தம் 1,000 போதும் என்று தச்சு வேலை பார்த்த அண்ணாச்சி கண் அளவில் சொல்லிவிட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று பெருக்கல் பாடம். டீச்சர் அவர்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, பிரிக்காமல் இருந்த கூரையை எண்ணச் சொல்லியிருக்கிறார். ஒரு சிறுமி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணாச்சியிடம் வந்தாள். "ஒரு வரிசைக்கு 38. மேலேயிருந்து கீழே 14 வரிசை. ஒரு சரிவுக்கு 532, ரெண்டு சரிவுக்கு 1,064. உங்க கணக்குல 64 குறையுது மாமா." அவர் ஏணியிலிருந்து இறங்கி, சிலேட்டை வாங்கி, தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். "சரிதான் தாயி" என்று சொல்லிச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். மும்பைக் குடும்பத்தின் வீட்டிலிருந்து 400 ஓடு இறக்கினோம். ஏற்றும்போது 11 உடைந்தன. மீதி 25 சமையலறைக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அடுத்த ஆடிக்கு வேண்டும்.

கூரை திறந்திருந்த இரண்டு வாரமும் முதல் மூன்று வகுப்புகள் அம்மன் கோயில் முன்மண்டபத்திலும், நான்கும் ஐந்தும் சர்ச் வளாகத்திலும் நடந்தன. இடம் கொடுத்த இரு தரப்பாரும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்தார்கள். காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினர் உப்புமாவையும் சாம்பாரையும் தூக்குவாளியில் இரண்டு இடத்துக்கும் சுமந்து போனார்கள். ஒரு நாள்கூட மணி எட்டரையைத் தாண்டவில்லை. அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

தரையும் சுவரும் சிக்கலில்லாமல் முடிந்தன. சுவரின் உள்பக்கம் பிள்ளைகள் கை எட்டுகிற உயரம்வரை கரும்பலகைப் பெயின்ட் அடித்திருக்கிறோம். இப்போதைக்கு அதில் நிற்பதெல்லாம் கூந்தன்குளத்துப் பறவைகள்தான்.

ஆண்டு விழாவைப் புதுக் கூரையின் கீழேயே வைத்தோம். பிள்ளைகள் வில்லுப்பாட்டில் அந்த மழை ராத்திரியைக் கதையாகச் சொன்னார்கள். தார்ப்பாய் பிடித்து நின்ற கட்டம் வந்தபோது, 'ஆமா' போட வேண்டிய ஒன்றாம் வகுப்புப் பையன் போடவில்லை. கூட்டத்தில் அவன் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான். அன்று பிடித்து நின்றவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுந்து "ஆமா" என்றார்.

வரவு செலவு முழுவதும் பள்ளி வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. பில்கள் தலைமையாசிரியையிடம் உள்ளன, யாரும் வந்து பார்க்கலாம். கையிருப்பு 2,340 ரூபாய். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுக்கிற வேலை மட்டும் பாக்கி. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அதைச் செய்துவிடுவோம், இந்த முறை வேலை நடக்கும்போது இரண்டு பேர் கூடவே நிற்பார்கள்.