கொடுக்கவில்லை, சரி, அப்புறம்?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. படி ஏறும்போது மட்டும் யாராவது பக்கத்தில் இருங்கள், தனியாகவே ஏறிவிடப் பார்ப்பார், அவரை எனக்குத் தெரியாதா. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், வீட்டில் சத்தமே இல்லை.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் உடனே பதில் எழுத வரவில்லை. சிக்னலில் கை நீட்டிய பையனுக்குக் காசு கொடுத்ததும், கூட வந்தவர் "உன்னை மாதிரி ஆட்களால்தான் இது ஒரு தொழிலாகவே ஆயிடுச்சு" என்று சத்தம் போட்டார், நான் செய்தது தப்பா என்று கேட்டிருந்தாய்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கைக்குழந்தைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விழுகிற காசு பதின்மூன்று வயதுப் பையனுக்கு விழுவதில்லை, அவனைப் பார்த்தால் "போய் உழைச்சுச் சாப்பிடு" என்கிறோம். நம் இரக்கம் வயதைப் பார்த்து வருகிறது, அது பிச்சை எடுப்பவர்களுக்கும் தெரியும், அதனால்தான் பேச்சே வராத குழந்தைகளை வெயிலில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளை எவ்வளவு அதிகமாகக் கொண்டுவருகிறதோ, அவ்வளவுக்கு அதைப் பள்ளிக்கூடம் அனுப்புவது அந்த வீட்டுக்கு நஷ்டம். யாராவது ஆள் வைத்து வசூல் பண்ணினால் கேட்கவே வேண்டாம், நீ கொடுத்த காசு அந்தப் பையன் கையில் இரண்டு நிமிஷம்கூடத் தங்காது. அப்படித் தெரிந்தால் யோசிக்காமல் புகார் கொடுத்துவிட வேண்டும். மிரட்டியும் கடத்தியும் குழந்தைகளை வேலை வாங்குவதை உடனடியாக ஒழிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999-இல் 182-ஆவது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது, 2020-இல் அதன் 187 உறுப்பு நாடுகளுமே அதை ஏற்றுவிட்டன.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்குப் பின்னாலும் ஒரு கும்பல் இருக்கிறது என்று நாம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. பலருக்குப் பின்னால் இருப்பது படுத்துவிட்ட அப்பாவும், வேலை கிடைக்காத அம்மாவும், அடைக்க முடியாத கடனும்தான். கும்பல் என்று சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு விட்டுப்போகிறது, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடலாம். கொடுக்காதே என்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கொடுக்கவில்லை, சரி, அப்புறம்? பல வருஷம் நானும் அந்த 'அப்புறம்' வரைக்கும் போகாமலே இருந்தவன்.

இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. போன வருஷம் நான் பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு சிறுமி, ஒன்பது வயது இருக்கும், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் நிற்பாள். காசு கொடுக்கக் கூடாது, சரியான இடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று படித்திருந்தேனே, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்றாவது நாள் ஆட்கள் வந்து இருவரையும் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார்கள், ஏதோ நல்லது செய்துவிட்ட நினைப்பில் நானும் வீட்டுக்குப் போனேன். மறுநாள் அதே இடத்தில் ஒரு பெண் தலைவிரி கோலமாக ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடிக் கேட்டுக்கொண்டிருந்தாள், என் பிள்ளைகளைப் பார்த்தீங்களா என்று. என்னிடமும் வந்து கேட்டாள். சேகர், அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அலுவலகம் அலுவலகமாக அவளோடு நானும் அலைந்தேன். பிள்ளைகள் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அப்போதுதான் தெரிந்தது, வறுமை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே கூடாது, அந்தக் குடும்பத்துக்குத்தான் உதவி தேவை என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என 2009-இலேயே ஐ.நா. பொதுச்சபை வழிகாட்டு நெறிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போன் செய்தது தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்திருக்கலாம், வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் போன் செய்துவிட்டு என் வேலை முடிந்தது என்று கிளம்பினேன் பார், அதுதான் தப்பு.

விசாரித்தால் விஷயம் சின்னது. அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை கிடைத்திருக்கிறது, கைக்குழந்தையோடு வராதே என்று சொல்லிவிட்டார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா பள்ளியை விட்டிருக்கிறாள், சும்மா இருக்கிற நேரத்தில் கை நீட்டவும் பழகிவிட்டாள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பகலில் மட்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஓர் இடத்தில் தம்பியைச் சேர்த்தோம், அவள் பள்ளிக்குத் திரும்பினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, விடுமுறை நாட்களில் சில சமயம் அவளை அதே இடத்தில் பார்க்கிறேன். வீட்டில் பணம் பற்றாத மாதம் அது என்று புரிந்துகொள்கிறேன். மெக்ஸிகோவில் 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் பணம், பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. பிள்ளையின் சம்பாத்தியத்தை நிறுத்துகிறவர்கள் அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல்.

இன்னொன்று. 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்களை வைத்து நடத்தியது. போகிற வழியில் ஒருவர் சுருண்டு இருமிக்கொண்டு கிடக்கிறார். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள், அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம். அவர்களில் பலர், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனைப் பற்றி பைபிளில் வருகிற நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்! இதைப் படித்ததிலிருந்து பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போய்விடுகிறேன். நின்று பேசினால்தானே அது யார் பிள்ளை, ஏன் நிற்கிறது என்றாவது தெரியும்.

நீ கொடுத்த காசுக்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அந்தப் பையன் அதே சிக்னலில்தான் நிற்கிறானா? பேர் என்ன, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார், பயந்தால் விட்டுவிடு, மறுநாள் கேள். அடுத்த கடிதத்தில் எழுது. அங்கே யாரிடம் பேசலாம் என்று நானும் விசாரித்து வைக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
ரவி