தட்டு வெச்சுட்டுப் போனா சாப்பாடு குடுத்ததா ஆகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஆஸ்பத்திரியில வயசானவங்களுக்கு வர்ற டெலிரியம், அதாவது திடீர்னு வர்ற மனக்குழப்பம் பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், மருந்து பத்தியெல்லாம் நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வரிதான், அதான் மனசு கேக்காம எழுதறேன்.

எங்க அத்தைக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி இங்க மும்பையில ஒரு ஆஸ்பத்திரியில இருந்தாங்க, மறுநாளே ஆளு மாறிட்டாங்க, ஒரு நேரம் கத்தல், ஒரு நேரம் எழுப்பினாலும் எழாத தூக்கம். மத்தியானம் சப்பாத்தி, தால் தட்டு வரும். அவங்க மல்லாக்கப் படுத்திருப்பாங்க, பல்செட்டும் கண்ணாடியும் லாக்கர்ல. மௌசி, அதாவது வார்டு ஆயா, "ஆஜி, ஜேவ்லாத் கா"ன்னு (பாட்டி, சாப்டீங்களான்னு) மராத்தியில கேட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க, அவங்களைக் குத்தம் சொல்லல, ஒருத்தரே முழு வார்டையும் பாக்கணும். தாராவியில இத்தனை வருஷமா மராத்தி பேசினவங்கதான் அத்தை, ஆனா அந்தக் குழப்பத்துல தமிழ் தவிர எதுவும் ஏறல. தட்டு அப்படியே திரும்பும், சார்ட்ல 'சாப்பிட மறுத்தார்'. விசிட்டிங் டைம் சாயங்காலம்தான்னு எங்களை உள்ள விடல, பக்கத்து பெட் அம்மா சொல்லித்தான் இதெல்லாமே தெரிஞ்சுது.

வயசானவங்களுக்கு நாளைக்கு கிலோ எடைக்கு சுமார் 30 கலோரி, 1 கிராமாவது புரதம் வேணும்ங்கறாங்க, 50 கிலோ இருக்கறவங்கன்னா 1,500 கலோரி, டீயும் மாரி பிஸ்கட்டும் எங்க பத்தும்? தண்ணி குறைஞ்சாலும் மலச்சிக்கல் வந்தாலும் குழப்பம் இன்னும் கூடும். சாப்பிடலன்னு மூக்கு வழியா சாப்பாட்டு டியூப் போட்டா, பிடுங்குறாங்கன்னு கையைக் கட்டுறாங்க, அது இன்னும் மோசம். டியூப் தேவைப்படறவங்களுக்குப் போடத்தான் வேணும், ஆனா பக்கத்துல உக்காந்து ஊட்டிப் பாத்த பிறகுதானே அந்த முடிவுக்கு வரணும்?

அமெரிக்காவுல ஷாரன் இனோய்ங்கற டாக்டர் குழு 70 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 852 பேர்கிட்ட பண்ணின ஆய்வு 1999ல வந்துச்சு. பேச்சுக் குடுக்கறது, நடக்க வைக்கறது, கண்ணாடி மாட்டி விடறது, தண்ணி குடிக்க வைக்கறது, தூக்கத்தைக் கெடுக்காம இருக்கறதுன்னு சின்னச் சின்ன விஷயம்தான், வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்துச்சு, இப்படிப் பாத்துக்கிட்டவங்கள்ல 9.9 சதவீதம் பேருக்குத்தான். இதுல நிறைய வேலை பயிற்சி எடுத்த தன்னார்வலர்கள் செய்யறதுதான், சாப்பாடு ஊட்ட உதவறதும் அதுல ஒண்ணு.

நான் கேக்கறது இவ்ளோதான், சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டு ஆள் ஒருத்தருக்கு பாஸ் குடுங்க, எப்படி ஊட்டணும்னு சிஸ்டர் ஒருதடவை காட்டிக் குடுக்கட்டும்: நல்லா முழிச்சிருக்கணும், நிமிர்ந்து உக்கார வைக்கணும், ஒரு வாய் முழுங்கின பிறகுதான் அடுத்தது, இருமினா நிறுத்திடணும், இல்லன்னா நுரையீரலுக்குப் போயிடும். வீட்டு ஆளே இல்லாதவங்களுக்கு மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருக்கற நம்ம தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைங்க வருவாங்க, ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டாப் போதும், இதை நீங்க பெருசாப் போட்டீங்கன்னா கேப்பாங்க.

ஒரு வாசகி,
செம்பூர், மும்பை