நடுவில் நின்ற 1,400 பேர்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நகோர்னோ-கராபாக் சண்டையைப் பற்றி நான் பேசியதற்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் கேட்டோம். "கடலூரில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம், எரவானுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்று பொரிந்து தள்ளியிருந்தாய். கோபப்படு, தப்பே இல்லை. ஆனால் போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், அம்மா குறுக்கே புகுந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். அதனால்தான் கடிதம்.

கராபாக்கிலிருந்து ஆர்மீனியத் தலைநகர் எரவானுக்கு ஓடிவந்த அந்த அம்மா சொன்ன எதையும் நான் சந்தேகப்படவில்லை. அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த மலைப்பகுதி அது. அங்கிருந்து ஆர்மீனியாவுக்குப் போகிற லாச்சின் பாதையை 2022 டிசம்பரில் அஜர்பைஜான்காரர்கள் அடைத்தார்கள். அதைத் திறந்துவிடச் சொல்லி 2023 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அஜர்பைஜானுக்கு உத்தரவு போட்டது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. காவலுக்கு வந்த ரஷ்ய அமைதிப்படை வேடிக்கை பார்த்தது. கராபாக்கின் தலைநகரான ஸ்டெபனகெர்ட்டில் ஜனங்கள் ரொட்டிக்காக விடிய விடிய வரிசையில் நின்றார்கள். அப்புறம் செப்டம்பர் 19இல் அஜர்பைஜான் ராணுவத்தின் தாக்குதல். இரண்டு மூன்று மணி நேரத்தில் கடக்கிற மலைப்பாதையில் ஒரு நாளுக்கு மேல் வண்டிகள் ஊர்ந்தன. சில நாட்களுக்குள் 1,00,000 பேருக்கு மேல் வெளியேறிவிட்டார்கள். கிளம்புவதற்கு எரிபொருள் வாங்க நின்றவர்கள் கிடங்கு வெடித்துச் செத்ததும் அந்த வாரத்தில்தான். இதற்கெல்லாம் அஜர்பைஜான் அதிபர் அலியேவின் அரசு பதில் சொல்லியாக வேண்டும். இதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

சண்டை வந்தது அக்தாம் பேச்சை நான் எடுத்ததும். கராபாக்குக்குப் பக்கத்தில், 1993இல் ஆர்மீனியப் படைகள் பிடித்த ஊர் அது. அஜர்பைஜானியர்கள் பல்லாயிரம் பேர் ஓடினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் கல், கதவு, குழாய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆர்மீனியர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு மசூதிதான் தப்பியது. "அது வேறப்பா, 1988இல் சும்காயித்தில் ஆரம்பித்தது அவர்கள்தானே" என்றாய். அஜர்பைஜான் ஊரான சும்காயித்தில் ஆர்மீனியர்களை வீடு புகுந்து வெட்டியது உண்மைதான். அக்தாமில் கடை வைத்திருந்தவனா போய் வெட்டினான்? 1992 பிப்ரவரியில் கோஜாலியிலிருந்து பனியில் ஓடும்போது ஆர்மீனியப் படைகள் சுட்ட அஜர்பைஜானியர்களில் குழந்தைகளும் இருந்தார்களே, அவர்களா வெட்டினார்கள்?

நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது தேவனாம்பட்டினம் போகிற வழியில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைக் காட்டியிருக்கிறேன். உனக்கு அப்போது பீச்தான் முக்கியம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டான். இரண்டே வருஷத்தில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டே வந்தது. 1760 நவம்பர் கடைசியில் லாலி என்ன செய்தான் தெரியுமா? பெரிய மனிதர்கள் வீட்டு வேலைக்காரர்கள் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு, ஊரில் மிச்சமிருந்த நம் ஜனங்களை வெளியே துரத்திவிட்டான். ஆணும் பெண்ணும் கிழமும் குழந்தையுமாக 1,400 பேர். தின்கிற வாய் குறையட்டும் என்று கணக்கு. வெளியே வந்தவர்களை கூட் என்ற ஆங்கிலேயத் தளபதியின் ஆட்கள் தாண்ட விடவில்லை. திரும்பிப் போனால் லாலிதான் அவர்களுக்குத் தொடர்ந்து சோறு போட வேண்டியிருக்கும் என்று அவன் கணக்கு. திரும்பி ஓடினவர்களை நோக்கி பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். எட்டு நாள் இரண்டு படைக்கும் நடுவில் கிடந்தார்கள். வயலில் புல் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். அதற்கப்புறம்தான் கூட் வழிவிட்டான். ஆங்கிலேயர் பக்கத்து ஆளான ஆர்ம் எழுதிய வரலாற்றிலேயே இது இருக்கிறது.

1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. கடலூருக்குப் பழிக்குப் பழி என்று ஊரையே இடித்தார்கள். வெள்ளை நகரத்தில் இன்றைக்கு எல்லோரும் நின்று போட்டோ எடுக்கிற வீடுகள் அதற்குப் பிறகு கட்டியவை.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். கர்நாடகப் போர்கள் என்றால் டூப்ளே, கிளைவ், வந்தவாசி, பத்து மார்க். அந்த எட்டு நாள் எந்தப் பாடப்புத்தகத்திலும் வரவில்லை. யார் குற்றம் என்று கேட்டால் லாலி கூட்டைக் காட்டியிருப்பான், கூட் லாலியைக் காட்டியிருப்பான். துரத்தினதற்கு லாலி பொறுப்பு. மறித்ததற்குக் கூட் பொறுப்பு. ஒருவன் செய்தது இன்னொருவன் கணக்கில் கழியாது.

சரி, அது பழங்கதை என்பாய். நம்மைச் சுடுகிற கதைக்கே வருகிறேன். 2009இல் முள்ளிவாய்க்காலுக்காக மனிதச் சங்கிலியில் நானும் கை கோத்து நின்றேன். பாதுகாப்பு வலயம் என்று சொல்லிவிட்டு அதற்குள்ளேயே இலங்கை ராணுவம் குண்டு போட்டது. மருத்துவமனைகளையும் விடவில்லை. இதைச் சொல்கிற அதே ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில், தப்பி ஓட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதும் இருக்கிறது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் புலிகளால் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேரம்தான் கெடு. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். இதை மேடையில் சொன்னால் துரோகி என்பார்கள், எனக்குத் தெரியும். டீக்கடையில் சொல்லியே நண்பர் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

உன் வீட்டுக்காரம்மாவிடம் போய் அக்தாமைப் பற்றிப் பேசு என்று நான் சொல்லவே இல்லை. அவர் அழும்போது பக்கத்தில் உட்கார், டீ போட்டுக் கொடு, அது போதும். உன் வகுப்புத் தோழர்கள் "அந்த இனமே அப்படித்தான்" என்று சொல்லும்போது நீ தலையாட்டாதே என்கிறேன். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களைப் பாதுகாப்பாகத் திரும்ப விட வேண்டும் என்று 2023 நவம்பரில் சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உன் வீட்டுக்காரம்மாவுக்கு அந்த உரிமை உண்டு என்று நீ அடித்துச் சொல்கிறாயே, அக்தாம்காரர்கள் அதே உரிமைக்கு 27 வருஷம் காத்திருந்தார்கள். ஆர்மீனியப் படை விலக வேண்டும் என்று 1993இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நான்கு தீர்மானம் போட்டும் எதுவும் நடக்கவில்லை. அவர்களைப் பற்றிக் கேட்டால் "அது வேறப்பா" என்கிறாய். எந்த விதத்தில் வேறு என்று எனக்கு எழுது. கத்தாமல் படிக்கிறேன்.

பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ, உன் சீனியர் பையன் விடுமுறை முடிந்து வரும்போது கொடுத்தனுப்புகிறோம். பாதி வீட்டுக்காரம்மாவுக்கு. செமஸ்டர் பணம் இந்த வாரமே போட்டுவிடுகிறேன், ரசீதை போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா