நர்சிங்கில் சேருவதற்கு முன்னால்

அன்புள்ள செல்வி,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. என்னை வார்டிலிருந்து மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். நைட் டியூட்டி கிடையாது, ஆனால் ராத்திரி ஆனால் தூக்கம் வருவேனா என்கிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். வலிக்கிறது என்று பயிற்சியை மட்டும் நிறுத்திவிட விடாதே.

சரி, உன் பொண்ணு விஷயம். டிப்ளமோவா பட்டமா என்று கேட்டிருந்தாய். முடிந்தால் பட்டம்தான். இங்கிலாந்தில் 2013-லிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பட்டப்படிப்பு மட்டும்தான். 2014-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 9 ஐரோப்பிய நாடுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்ததாம். அதற்காக டிப்ளமோவை மட்டம் தட்டமாட்டேன், நான் பார்த்த கெட்டிக்கார நர்ஸ்களில் பாதிப் பேர் அதில் வந்தவர்கள்தான். பணமோ காலமோ இடித்தால் அதில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்குப் போகலாம், அந்த டிப்ளமோவைப் பட்டப்படிப்பில் ஏற்றுக்கொள்வார்களா என்பதை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடு. சில மாதத்தில் முடிகிற உதவியாளர் சான்றிதழ் வேறு, பெயர் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதை வைத்து நர்ஸாக நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது.

என்னைக் கேட்டால் பட்டமா டிப்ளமோவா என்பதைவிடப் பெரிய கேள்வி, கிளினிக்கல் போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரி வார்டில் நேரடிப் பயிற்சி, எங்கே, எத்தனை மணி நேரம் என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 4,600 மணி நேரப் படிப்பு, அதில் பாதியாவது நோயாளியின் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. போன மாதம் ஒரு மாணவி, இரண்டாம் வருடம்தான், ஒரு பெரியவருடைய மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணிவிட்டு, "காலையில் 18 இருந்தது, இப்போது 28 இருக்கிறது மேடம்" என்று வந்து நின்றாள். பி.பி., நாடித்துடிப்பு எல்லாம் அப்போது சரியாகவே இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டோம், நிமோனியா, சீக்கிரமே பிடித்துவிட்டோம். உடம்பு மோசமாகப் போகிறது என்றால் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் சொல்லும், ஆனால் பாதிப் பேர் பதினைந்து நொடி பார்த்துவிட்டு ஒரு குத்துமதிப்பான எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இதெல்லாம் லேபில் பொம்மையை வைத்துப் பழகினால் வருவதில்லை (அந்த லேபைத்தான் கல்லூரிக்காரர்கள் முதலில் சுற்றிக்காட்டுவார்கள்!).

அதனால் கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதே. கவுன்சில் அங்கீகாரம் இந்த வருடம் வரை இருக்கிறதா, ஒரு வார்டில் ஒரு டீச்சருக்கு எத்தனை மாணவிகள், இறுதித் தேர்வில் போன பேட்ச் எப்படிச் செய்தது, இதையெல்லாம் கேள். மூன்றாம் வருடப் பெண்கள் யாராவது தனியாகக் கிடைத்தால் அவர்களிடமும் கேள், அவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

அப்புறம், இது அவள் ஆசையா உன் ஆசையா என்று நீ எழுதவே இல்லையே. அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல், ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
மாலா