மருத்துவமனைச் சாலையின் குழிகளை மூடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தேறிவரும் நோயாளி

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
சாலைப் பராமரிப்புப் பிரிவு

பொருள்: மருத்துவமனைக்குச் செல்லும் சாலையின் குழிகளை உடனடியாக மூடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்த முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களில் முதலாவது, நான் நோயாளியாவதற்கு முன்பே தெருக்காரர்களோடு சேர்ந்து கொடுத்தது. மற்ற இரண்டும் சிகிச்சைக்குப் பின் நானே எழுதியவை. மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வந்தது, வேறெதுவும் வரவில்லை. அந்தச் சாலையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வளைவிலிருந்து மருத்துவமனை வாசல் வரை உள்ள பகுதியைத்தான் குறிப்பிடுகிறேன். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடிய இடமும் அதில்தான் இருக்கிறது.

1. எனக்கு நடந்தது பைபாஸ் அறுவைச் சிகிச்சை. நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஒட்ட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது, கைகளை ஊன்றி எழக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும்.

2. ஓர் இருமலுக்கே தலையணை கேட்கிற நெஞ்சோடு இந்தச் சாலையில் போவது எப்படி என்று சொல்கிறேன், ஐயா. முன்சக்கரம் குழியில் இறங்கியதும் உடல் முன்னால் சாய்கிறது. கை தானாக எதையாவது பற்றுகிறது. பற்றிய கணமே அந்த இழுப்பு நேராக நெஞ்செலும்புக்கு வருகிறது. அது அடங்க மூச்சை இழுத்தால் அதுவும் வலிக்கிறது. அதற்குள் அடுத்த குழி. வளைவிலிருந்து வாசல் வரை எண்ணினேன், 23 குழிகள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “இதோ இன்னொன்று, பிடித்துக்கொள்ளுங்கள்” என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பரிசோதனைக்கு நான் போகவேயில்லை. நோய்க்குப் பயந்து அல்ல, இந்தச் சாலைக்குப் பயந்து. தையலின் கீழ்முனையில் நீர் கசியத் தொடங்கிய பிறகே போனேன். “ஏன் முன்பே வரவில்லை?” என்று மருத்துவர் கடிந்துகொண்டார். சாலையைக் காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவன் நானா, ஐயா?

3. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். குழிக்குக் குழி துள்ளும் ஆம்புலன்ஸில் அதை யார் செய்ய முடியும்?

4. சிகிச்சை பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து இதய நோய் பற்றி மக்களிடம் பேசி வருகிறோம். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை இருந்தால் தாமதிக்காதீர்கள் என்கிறோம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவோ அசதியாகவோ வரலாம் என்கிறோம். வாயு என்று நினைத்து ஓர் இரவு முழுவதும் நான் காத்திருந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். போன கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, “அந்த ரோட்டில் கொண்டுபோனால் இருக்கிற உயிரும் போய்விடும் தம்பி” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கிறதா?

5. குழிகளை மூடுங்கள்.

புதுச் சாலை கேட்கவில்லை, ஐயா. அகலப்படுத்தவும் கேட்கவில்லை. மண்ணைக் கொட்டிவிட்டுப் போகாமல், ஜல்லியும் தாரும் இட்டு அழுத்தி, இந்த 23 குழிகளை மூடித் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என்று மூடப்படும் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன். இன்னொரு ஒப்புகைச் சீட்டு எனக்கு வேண்டாம்.

நாளை மறுநாள் எனக்கு அடுத்த பரிசோதனை. தலையணையோடு அதே சாலையில்தான் போக வேண்டும். தயவுசெய்து அந்தக் குழிகளை மூடுங்கள், ஐயா.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)