கம்பியை ஓரமாக வை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி கைக்கு வரும்வரை பேனாவைத் தொடக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. இப்போது வெர்னியர் கோடுகள்கூடப் பளிச்சென்று தெரிகின்றன. உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தியைப் படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல். உன் முதுகுவலியைப் பற்றி ஒரே ஒரு வரி, உலோகம் வெட்டும் மில்லிங் மெஷினைப் பற்றி இரண்டு பக்கம். நீ மாறவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜாப் பாதியில் இருக்கும்போது, வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் நூலாக இளைத்து நின்றுவிடுகிறது, அது வெளிவரும் மூக்கான நாசிலில் கம்பி விட்டுக் குத்தினால் கொஞ்ச நேரம் வருகிறது, அப்புறம் பழைய கதைதான் என்று எழுதியிருக்கிறாய். முதலில் அந்தக் கம்பியை ஓரமாக வை. குத்தும்போது அடைத்த சரக்கில் பாதி உள்ளே போகிறது. பம்ப் ஓடியதும் அதே சரக்கு திரும்பி வந்து அதே வாயில் உட்காருகிறது. போதாக்குறைக்கு, பித்தளை நாசிலின் உள்பக்கம் கீறல் விழுந்தால் அடுத்து வரும் உலோகச் சில்லு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை நின்றால் நாசிலைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துத் தட்டு. விழுவதை விரலால் பிரித்துப் பார். அநேகமாக வாய்க்குக் குறுக்காக ஒரு அலுமினியச் சுருள் இருக்கும். அது மட்டும் என்றால் கூலண்ட் ஒதுங்கிப் போய்விடும். ஆனால் அதில் கை துடைக்கும் வேஸ்டிலிருந்து உதிர்ந்த நூல் சுற்றியிருக்கும், நூலில் பொடிச் சில்லு அப்பியிருக்கும், எல்லாவற்றையும் பிசுபிசுவென்று பழுப்பு எண்ணெய் ஒன்று பிடித்து வைத்திருக்கும். சில சமயம் வெள்ளையாக ஒரு துணுக்கும் கிடைக்கும். அது டெஃப்லான் டேப். யாரோ ஜாயிண்டில் மரையின் நுனிவரை டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள், முறுக்கும்போது அறுந்து, கூலண்ட் வரும் குழாய் லைனுக்குள் போய்விட்டது. முதல் மரையை வெறுமையாக விட்டுச் சுற்றினால் இந்தத் தொல்லையே கிடையாது.

துணியில் விழுந்ததைப் பொறுத்துத்தான் வைத்தியம். சில்லும் நூலும் அதிகம் என்றால் தொட்டியில் வடிகட்டுவது சரியில்லை. வழவழவென்று கொழகொழத்து, இழுத்தால் நார் நாராக வந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. சோப்பு நுரை காய்ந்த மாதிரி வெண்மையாக இருந்தால் உப்புத்தண்ணீர். அதில் இருக்கும் கால்சியம் கூலண்டில் உள்ள சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். கூலண்டில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் உப்புத்தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் மாதாமாதம் அது கூடிக்கொண்டேதான் போகும். நிரப்புவதற்காவது உப்பு நீக்கிய தண்ணீர் வைத்துக்கொள்.

தொட்டியைப் பற்றித்தான் உன்னிடம் அதிகம் பேச வேண்டும். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், டேபிளிலிருந்து வடியும் கூலண்ட் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே பம்ப் நிற்கிறது. அப்படி இருந்தால் சில்லு கீழே படியவே நேரம் கிடைக்காது, விழுந்த கையோடு பம்ப் உறிஞ்சிவிடும். நடுவில் ஒரு தகட்டை நிறுத்து, கூலண்ட் அதன்மேல் வழிந்துதான் பம்ப் பக்கம் வர வேண்டும். இடம் இருந்தால் இரண்டு தகடு. இரும்பு, வார்ப்பிரும்பு ஓட்டுகிறாய் என்றால் அந்தப் பாதையில் ஒரு காந்தத்தைப் போட்டு வை. வார்ப்பிரும்புத் தூள் சல்லடைக்கு அடங்காது, காந்தத்துக்கு அடங்கும். பம்பின் வாய் தொட்டியின் அடித்தளத்தைத் தொடாமல் கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும்.

சல்லடை விஷயத்தில் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். மெல்லிய வலையாகப் பார்த்துப் பம்பின் உறிஞ்சும் பக்கம் மாட்டிவிடுகிறார்கள். அது அடைத்துக்கொண்டால் பம்ப் கூலண்ட் இல்லாமல் தவிக்கும், நாசிலில் பார்த்தால் லைன் அடைத்த மாதிரியே தெரியும். உறிஞ்சும் பக்கம் கண் பெரிய சல்லடை போதும், ஆனால் பரப்பு தாராளமாக இருக்க வேண்டும். மெல்லிய வலையை டேபிளிலிருந்து கூலண்ட் திரும்பி வரும் வழியில் வை, கழற்றித் தட்டவும் சுலபம். நான் வைத்திருக்கும் கணக்கு, வலையின் கண் உன்னிடம் உள்ள மிகச் சிறிய நாசில் துவாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 1.5 மி.மீ. நாசில் என்றால் கண் அரை மில்லிமீட்டர். நீளவாக்கில் நுழைகிற சுருளை இது முழுசாகத் தடுக்காதுதான், ஆனாலும் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்து எண்ணெய். மெஷினில் நகரும் பாகமான ஸ்லைடுக்கு விடும் ஆயில் கூலண்டில் வடிந்து மேலே படலமாக மிதக்கும். மெஷின் சும்மா நிற்கும் நாட்களில் அந்தப் படலம் மூடி போட்டது போல் காற்றை உள்ளே விடாது. காற்று வேண்டாத பாக்டீரியா பெருகி, திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் வந்த கூலண்டில் சளியும் வரும், சளி வந்த லைன் அடைக்காமல் இருக்காது. படலத்தை அவ்வப்போது வழித்து எடு. லீவு நாட்கள் நீளமாக இருந்தால் நடுவில் யாராவது போய்ப் பம்பைக் கொஞ்ச நேரம் ஓட விடட்டும்.

தண்ணீரில் கூலண்ட் எண்ணெய் எவ்வளவு கலக்கிறாய் என்று நீ எழுதவில்லை. பொதுவாக 5 முதல் 10 சதவீதம் என்பார்கள், உன் டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு. கண்ணால் பார்த்துச் சொல்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு சொட்டை வைத்துக் கலவையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கு. அது காட்டும் எண்ணை டப்பாவில் உள்ள பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். அளவு 5 காட்டி, பெருக்கெண் 1.5 என்றால் கலவை 7.5 சதவீதம். நீர்த்துப் போனால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், கெட்டியானால் காய்ந்த இடமெல்லாம் பசை. கலக்கும்போது தண்ணீரில் கூலண்ட் எண்ணெயை ஊற்று, எண்ணெயில் தண்ணீரை ஊற்றாதே. மாற்றி ஊற்றினால் திப்பி திப்பியாகிவிடும்.

பம்ப் நின்றதும் லைனில் இருக்கும் கூலண்ட் வடிந்து, ஒட்டியிருப்பது காய ஆரம்பிக்கிறது. மறுநாள் காலையில் வரும் அடைப்பு பெரும்பாலும் முந்தின ராத்திரி காய்ந்ததுதான். அதற்குச் சின்ன உபாயம் ஒன்று உண்டு. பம்புக்குப் பக்கத்தில் ஒரு செக் வால்வு, அதாவது ஒரு பக்கம் மட்டுமே விடும் வால்வு, போட்டால் லைன் காலியாகாது. காய்ந்துபோன நாசிலைப் புதுக் கூலண்டில் ராத்திரி முழுக்க ஊற வை, பசை தானே இளகிவிடும்.

லைனைச் சுத்தம் செய்யக் கம்ப்ரஸர் காற்றை நாசில் பக்கமிருந்து தொட்டியை நோக்கி விடு. நாசிலையும் பம்ப் பக்கத்து ஹோஸையும் கழற்றி, அந்த முனையை ஒரு வாளிக்குள் விட்டுக்கொள். பம்ப் பக்கமிருந்து ஊதினால் அடைப்பு இன்னும் இறுகும். காற்றழுத்தம் குறைவாக இருக்கட்டும், துண்டு துண்டாகக் கோத்த பிளாஸ்டிக் ஹோஸ் என்றால் படீரென்று கழன்றுவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அப்படியே, ஊசி முனையால் வழியைக் குறுக்கும் நீடில் வால்வு இருந்தால் கழற்றிப் போட்டுவிட்டு, துளையிட்ட உருண்டை திரும்பித் திறக்கும் பால் வால்வு மாட்டு. பாதி மூடிய நீடில் வால்வைப் போலச் சில்லு பிடிக்கிற இடம் லைனில் வேறு இல்லை. எல்போ என்கிற முழங்கை மூட்டுகளுக்குப் பதில் ஹோஸை வளைத்துக் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. தொட்டியை அள்ளும் வேலையை மட்டும் பையன்களிடம் விடு, உன் முதுகு அதற்கு ஆகாது.

எல்லாம் சுத்தமானதும் ஒரு ஜக்கை நாசில் அடியில் பிடித்து, ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி என்று பார்த்து மெஷின் மேலேயே எழுதி வை. வாரம் ஒருமுறை பிடித்துப் பார்த்தால் நேரம் ஏறுவது தெரியும், நிற்பதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம். பம்பின் சத்தத்தை நம்பாதே. மையவிலக்குப் பம்ப் லைன் அடைத்தாலும் முனகாமல் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளிருப்பதையே கலக்கிச் சூடாக்கும்.

இன்னொன்று. ஸ்டீலில் கார்பைடு டிப், அதாவது கட்டரின் கெட்டியான வெட்டு முனை, போட்டு ஓட்டும்போது கூலண்ட் விட்டு விட்டு வருகிறது என்றால் அதை அடியோடு மூடிவிட்டு, காற்றால் சில்லை ஊதிக்கொண்டு உலர்வாகவே ஓட்டு. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டால் டிப்பில் மயிரிழை விரிசல் விழும். அரைகுறைக் கூலண்ட் அங்கே கெடுதல்தான் செய்யும். அலுமினியத்துக்கு இது பொருந்தாது, அங்கே சில்லு கட்டரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கூலண்ட் வேண்டும்.

நாசில் துவாரம் எத்தனை மில்லிமீட்டர், துணியில் என்ன விழுந்தது, கலவை எவ்வளவு காட்டுகிறது, இந்த மூன்றையும் எழுது. தொட்டியின் நீள அகலத்தையும் அனுப்பினால் தகடு எங்கே நிறுத்துவது என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி